குகனேஸ்வரி வரைந்த சிசிலி

1993ஆம் ஆண்டு ஒக்டோபரில் குகனேஸ்வரிக்குப் பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் ஒரு வீட்டு வேலை கிடைத்தது. பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடத்தில் அது ஐந்தாவது வீடு. முதல் நான்கு வீட்டுச் சிக்னோராக்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உடுப்பு அயன் பண்ணத் தெரியுமா? தெரியும் என்றால் போதும். அதற்கு முன் என்ன செய்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவள் அவள். அளவையாளர்கள் வெயிலில் நின்று குறித்துக்கொண்டு வரும் எண்களைக் குளமாகவும் வாய்க்காலாகவும் காணி எல்லையாகவும் தாளில் இறக்குவது அவள் வேலை. சண்டை வந்து கந்தோரைப் பூட்டினார்கள். கணவர் இராஜநாயகம் முதலில் இத்தாலிக்கு வந்து, ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்துக் குசினியில் சேர்ந்துகொண்டார். அவள் பின்னால் வந்தாள். இருவரும் நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

புதிய வீட்டுக்காரி எர்சிலியா குத்ரோனா, ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை. எழுபத்தொரு வயது. கலியாணம் செய்யாததால் கட்டடத்தில் எல்லோரும் அவரைச் சிக்னோரீனா என்றுதான் கூப்பிட்டார்கள். நாலாம் மாடியில் தனியாக இருந்தார். முதல் நாள் வீட்டைச் சுற்றிக் காட்டியவர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மேசை முழுவதையும் ஒரு பெரிய தாள் மூடியிருந்தது. அதன்மேல் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள், சிவப்பிலும் நீலத்திலும்.

"இதை மட்டும் தொடாதே. தூசி படிந்தாலும் பரவாயில்லை."

அவள் தொடவில்லை. ஆனால் தினமும் பார்த்தாள். தாளில் கையால் வரைந்த சிசிலியும் தென் இத்தாலியும் இருந்தன. கோடுகள் நடுங்கின. கரை வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒன்பதாவது நாள், தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, தெரிந்த இத்தாலியச் சொற்களைக் கோத்து, "சிக்னோரீனா, உங்கள் ஆறு மலை ஏறுகிறது" என்று சொல்லிவிட்டாள்.

எர்சிலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிமேதோ ஆறு இரண்டு மலைகளின் முதுகில் ஏறி இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். குகனேஸ்வரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் பதினொரு வருடத்தையும் சொன்னாள்.

அன்றைக்கு உடுப்பு அயன் பண்ணப்படவில்லை. மேசையில் கிடந்தது என்ன என்பதை எர்சிலியா விளங்கப்படுத்தினார். அது ஒரு போர் விளையாட்டு. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவர் உருவாக்கிக்கொண்டிருப்பது. 1189இல் சிசிலியின் அரசன் குலியெல்மோ பிள்ளையில்லாமல் இறந்துபோனான். முடிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி அவனுடைய அத்தை கொஸ்தான்சா, ஜெர்மன் அரச குடும்பத்துக்குக் கலியாணம் முடித்துப் போனவள். அரசன் உயிரோடு இருக்கும்போதே பிரபுக்கள் அவளுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்திருந்தார்கள். மற்றவன் தன்கிரேதி, அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்தவன். சத்தியம் செய்த பிரபுக்களில் பலர் அவனைக் கூட்டிவந்து இதே பலெர்மோவில் முடி சூட்டினார்கள். ஐந்து வருடம் அடிபாடு. யார் எந்தக் கோட்டையைப் பிடிப்பது, எந்தப் பிரபு எப்போது எந்தப் பக்கம் போவான் என்பதுதான் விளையாட்டு. இரண்டு பேர் ஆட வேண்டும். எர்சிலியாவுக்கு இரண்டாவது ஆள் இல்லை. இரண்டு பக்கமும் தானே ஆடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொஸ்தான்சாவின் நீலக் காய்கள் எர்சிலியாவுக்கு. தன்கிரேதியின் சிவப்புக் காய்கள் குகனேஸ்வரிக்கு. முதல் ஆறு ஆட்டமும் தோற்றாள். ஏழாவதில் மெஸ்ஸீனாவை விட்டுக்கொடுத்துவிட்டு நேப்பிள்ஸைப் பிடித்து வென்றாள். எர்சிலியா எழுந்து போய்ச் சமையலறையில் தானே கோப்பி போட்டுக்கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். பலெர்மோவில் ஒரு வீட்டுக்காரி அவளுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு வந்து அதை இராஜநாயகத்திடம் இரண்டு முறை சொன்னாள்.

ஆட ஆட அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பிரபுக்கள் கட்சி மாறுவதைப் பகடை முடிவு செய்தது. ஒன்றோ இரண்டோ விழுந்தால் மாறுவான், மற்றபடி இருப்பான். ஒரு வியாழக்கிழமை, எர்சிலியா பகடையை உருட்டப் போகும்போது அவள் தடுத்தாள்.

"பகடையைப் பார்த்து யாரும் கட்சி மாறுவதில்லை, சிக்னோரீனா. பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் மாறுவார்கள்."

ஊரில் சண்டை முற்றிச் செல்லடி தொடங்கிய நாட்களில் தன் ஒழுங்கையில் நடந்ததைச் சொன்னாள். ஒரு வீடு வெளிக்கிட்டால் மற்றவர்கள் அதைப் பற்றிக் கதைப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வீடும் போனால் எல்லா வீட்டிலும் பெட்டி இறக்குவார்கள். மூன்றாவது வீட்டுக் கதவு சாத்தப்பட்டதென்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒழுங்கையே வெறுமையாகிவிடும். எவ்வளவு துணிச்சல்காரனும் தனியே நிற்க மாட்டான். அதேபோல, இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருந்தால் எவ்வளவு பயந்தவனும் இருந்துவிடுவான்.

எர்சிலியா சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு கொப்பியை எடுத்து அவள் பக்கம் தள்ளி, எழுது என்றார். அப்படித்தான் அந்த விதி வந்தது. ஒரு பிரபு தன்னைச் சுற்றியுள்ள கோட்டைகளைப் பார்ப்பான். மூன்று மாறிவிட்டால் அவனும் மாறுவான். அந்தக் குளிர்காலம் முழுவதும் இருவரும் அதை ஆடி ஆடித் திருத்தினார்கள். முன்பெல்லாம் சலிப்பாக நகர்ந்த ஆட்டம் இப்போது ஒரே மூச்சில் சரியும். அல்லது ஒருவரும் எதிர்பாராத மூலையில் பிடிவாதமாக நிற்கும். இதற்கு உயிர் வந்துவிட்டது என்று எர்சிலியா சொன்னார். சொல்லிவிட்டு, மேசைக்கு மேலால் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

படமும் அவள்தான் வரைந்தாள். எர்சிலியா நல்ல தாளும் மூன்று அளவில் கோட்டுப் பேனைகளும் வாங்கிக் கொடுத்தார். பின்கட்டு அறையில் வடக்குப் பார்த்த யன்னலடியில் மேசை போட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணித்தியாலம். எட்டு மாதம் எடுத்தது. சிசிலியும் தென் இத்தாலியும் நான்கு தாள்களில் வந்தன. மேலே அறுகோணக் கட்டங்கள், அவற்றுக்குக் கீழே மலைகள், ஆறுகள், பழைய வீதிகள். எழுபத்திரண்டு கோட்டைகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கை மறந்திருக்கும் என்று பயந்தாள். ஒன்றும் மறக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது விரலில் மை இருக்கும். இராஜநாயகம் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

1994 நத்தார்ப் பண்டிகைக்கு எர்சிலியாவின் தம்பி மகன் ருஜேரோ பொலோஞ்ஞாவிலிருந்து வந்தான். முப்பது வயது, விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை. நான்கு தாள்களையும் விரித்துப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டான். நாங்கள் இருவரும் என்றார் எர்சிலியா. குகனேஸ்வரி சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். இருவரும் என்ற சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பொலோஞ்ஞாவில் இப்படிப்பட்ட விளையாட்டுகளை அச்சடித்துப் பெட்டியில் போட்டு விற்கும் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றான் ருஜேரோ. அடுத்த வசந்தத்தில் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனான். தாள்களைக் கசங்காமல் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

அந்த வருடம் ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சனங்கள் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. குகனேஸ்வரியின் அக்கா ஞானம்பிகை குடும்பத்தோடு அங்கே இருந்தாள். பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. எர்சிலியா அவளை வேலை செய்ய விடவில்லை. தொலைபேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கொழும்பில் உள்ள உறவினருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் எடு என்றார். தானே சூப் வைத்தார். அவள் அழும்போது பக்கத்தில் இருந்தார். அக்கா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று பதினோராம் நாள் அறிந்தபோது, முதலில் கட்டிப்பிடித்தவர் எர்சிலியா. கூடப் பிறந்தவளைப் போல ஒருத்தி தனக்கு இந்த ஊரில் கிடைத்திருக்கிறாள் என்று அவள் அன்று நினைத்தாள். பிறகு பல தடவை அந்த நினைப்பை நினைத்து வெட்கப்பட்டாள்.

பெட்டி 1996 மே மாதம் வந்தது. அறிமுகக் கூட்டம் நகரில் ஒரு மன்றத்தின் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு. எர்சிலியா சில நாட்களாகவே சரியாகக் கதைக்கவில்லை. பெட்டி இன்னும் என் கைக்கு வரவில்லை என்றார். நீ வரத்தான் வேண்டுமா, பேச்சுகள் நீளமாக இருக்கும், அலுத்துப்போவாய் என்றார். வயதானவருக்குக் கூட்டமென்றால் படபடப்பு என்று குகனேஸ்வரி எடுத்துக்கொண்டாள். நான் வராமல் எப்படி என்று சிரித்தாள்.

இராஜநாயகம் உணவகத்தில் கேட்டு அன்றைக்கு லீவு எடுத்தார். கலியாண வீடுகளுக்கென்று வைத்திருந்த கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவள் நீலப் பட்டு உடுத்தாள். மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். மேடைக்கு முன்னால் நீண்ட மேசையில் அவளுடைய படம் விரித்திருந்தது. அச்சில், வண்ணத்தில். எட்னா மலையின் நிழல் கோடுகள்கூட அப்படியே வந்திருந்தன. அவள் கணவருடைய முழங்கையைத் தொட்டு, அதுதான் என்று காட்டினாள். இராஜநாயகம் எழுந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

முதலில் எர்சிலியா அரசன் குலியெல்மோவைப் பற்றிப் பேசினார். பிறகு பொலோஞ்ஞாவிலிருந்து வந்த பதிப்பாளர் ஃபெரெத்தி எழுந்தார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசினார். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு படத்தைப் பார்த்ததில்லை என்றார். பிரபுக்கள் அயலைப் பார்த்துக் கட்சி மாறும் விதியைப் பற்றி விரிவாகச் சொன்னார். அது புத்தகத்தில் படித்து வந்ததல்ல, மனிதர்களை அறிந்த ஒருவருக்கே வரக்கூடிய யோசனை என்றார். அந்தக் கைக்கும் அந்தத் தலைக்கும் சொந்தக்காரர் இங்கே இருக்கிறார், எழுந்து நிற்க வேண்டும் என்று ஃபெரெத்தி சொன்னார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

முதல் வரிசையிலிருந்து ருஜேரோ எழுந்தான்.

மண்டபம் கைதட்டியது. ருஜேரோ தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டான். பக்கத்தில் இராஜநாயகமும் கைதட்டிக்கொண்டிருந்தார். மேடை இத்தாலியன் அவருக்கு ஓடாது. படத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. முகம் நிறையச் சிரிப்போடு, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"உம்மடை பேரைச் சொல்லேல்லையே? அவன் ஏன் எழும்பினவன்?"

அவள் மேடையைப் பார்த்தாள். எர்சிலியா மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே போகும் வழியில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். உருவாக்கம்: எர்சிலியா குத்ரோனா, ருஜேரோ குத்ரோனா. நிலப்படம்: ருஜேரோ குத்ரோனா. விதிப் புத்தகத்தில் அவளுடைய விதிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: குத்ரோனா விதி. கடைசிப் பக்கத்தில் நன்றி கூறும் வரிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். மன்றத்தின் வாசற்காவலாளி பெயர்கூட இருந்தது. அவள் இல்லை.

பஸ்ஸில் அவள் சொல்லித்தான் இராஜநாயகத்துக்கு நடந்தது தெரிந்தது. பிறகு, "எனக்கு விளங்கேல்லை. நானும் தட்டிப்போட்டன்" என்றார். அவளுக்கு அன்று அழுகை வந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்குச் சீசாவுக்குப் போனாள். எர்சிலியா மேசையருகே உட்கார்ந்திருந்தார். இரவு நித்திரை கொள்ளாத முகம். மறுக்கவில்லை, சமாளிக்கவும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அச்சடிப்பதானால் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ருஜேரோ கேட்டான், ஒத்துக்கொண்டேன் என்றார்.

"உங்கள் பெயர் இருக்கிறது. அவன் பெயர் இருக்கிறது. என் பெயரும் இருந்திருந்தால் பெட்டி கனத்துப்போயிருக்குமா?"

எர்சிலியா எழுந்து, இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். வேறு யாராவது சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்வது நல்லது என்றார். அது ஃபெரெத்தி எழுதியது. நிலப்படத்தை வரைந்தது உண்மையில் யார் என்று அதில் கேட்டிருந்தார். ருஜேரோவுக்கு இந்தக் கை இருப்பதாகத் தோன்றவில்லை என்றும், வரைந்தவர் சம்மதித்தால் இன்னும் நான்கு படங்களுக்கு வேலை தர விரும்புவதாகவும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் எழுதியிருந்தார். கீழே எர்சிலியா அனுப்பிய பதிலின் நகல் குத்தியிருந்தது. இரண்டே வரி. படத்தை வரைந்தவன் என் தம்பி மகன் ருஜேரோதான், இதில் சந்தேகம் வேண்டாம்.

குகனேஸ்வரி திகதியைப் பார்த்தாள். நவம்பர் ஆறு. அக்காவைத் தேடி அவள் இந்த மேசையில் தொலைபேசியோடு இருந்த கிழமை. அவள் இங்கே எண்களைச் சுழற்றிக்கொண்டிருக்க, எர்சிலியா பக்கத்து அறையில் இருந்து இந்த இரண்டு வரியையும் எழுதியிருக்கிறார். எழுதி, மடித்து, முத்திரை ஒட்டிவைத்துவிட்டு வந்து சூப் பரிமாறியிருக்கிறார்.

"ஏன்?"

எர்சிலியா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த வேலை கிடைத்தால் நீ போய்விடுவாய். உன் பெறுமதி உனக்குத் தெரிந்துவிட்டால், என் வீட்டுத் தரையை நீ ஏன் துடைக்கப் போகிறாய்? வியாழக்கிழமை யார் வருவார்? எனக்கு எழுபத்துநாலு வயது, குகா."

"நான் வந்திருப்பேன்" என்றாள் குகனேஸ்வரி. "வேலைக்காரியாக இல்லை. ஆடுவதற்கு வந்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியவில்லை."

குகனேஸ்வரி அன்றைக்கும் தரையைத் துடைத்துவிட்டுத்தான் போனாள். பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

அந்தக் கிழமைக்குள் ருஜேரோ வந்தான். ஃபெரெத்தி இரண்டாவது படத்தைக் கேட்கிறார் என்றும், அவள் வரைந்து கொடுத்தால் நன்றி வரியில் பெயரைப் போடலாம் என்றும் சொன்னான். பெரிய உபகாரம் செய்பவனைப் போலத்தான் சொன்னான். அவள், என்னுடைய நான்கு தாள்கள் எங்கே என்று கேட்டாள். அச்சகத்தில் எங்கேயோ மாறிப்போய்விட்டன என்றான். அவள் எர்சிலியாவைப் பார்த்தாள். அவன் சொல்வது பொய் என்பது எர்சிலியாவின் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் பேசியிருந்தால் ஒருவேளை எல்லாவற்றையும் மறந்திருப்பேன் என்று அவள் பிற்காலத்தில் இராஜநாயகத்திடம் சொல்லியிருக்கிறாள். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அல்பெர்கேரியாவில் தெரிந்தவர்கள் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். permesso, அதாவது நாட்டில் தங்கும் அனுமதி, எர்சிலியாவின் வேலையோடு கட்டியிருந்தது; புதுப்பிக்க நாலு மாதம்தான் கிடந்தது. பெட்டியில் பேர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அனுமதி கொடுக்கும் பொலிஸ் கந்தோர், questura, பெட்டியையா பார்க்கப் போகிறது என்று கேட்டார்கள். இராஜநாயகமும் முதலில் அப்படித்தான் சொல்லப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார்.

"நீர் அங்கை போகவேண்டாம். முதலாளியோடை கதைச்சனான். குசினியிலை ஆள் தேவையாம், பேப்பரும் எழுதித் தாறாராம். மீன் நாத்தம்தான். அதைச் சகிக்கலாம்."

அந்தக் கோடை அவள் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறால் உரித்தாள். வேலைக்குப் போகும் முன், ஒரு ஞாயிறு காலை, புதிய தாளொன்றை வாங்கி மெஸ்ஸீனா நீரிணையும் அதன் இரு கரைகளும் உள்ள மூலையை நினைவிலிருந்தே வரைந்தாள். அச்சான படத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு கோடு விலகாது. பின்பக்கம் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதி, இதையும் நான்தான் வரைந்தேன், அதையும் நான்தான் வரைந்தேன் என்று ஒரு வரி சேர்த்து, ஃபெரெத்திக்குத் தபாலில் அனுப்பினாள்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் கையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். ஆனால் குத்ரோனா குடும்பத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது, இது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விஷயம், நிறுவனம் இதில் தலையிட முடியாது, வருந்துகிறேன் என்றிருந்தார். வரைந்த தாளையும் மடிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் கடிதத்தை ஒரு முறைதான் வாசித்தாள். அறியாமல் செய்தவர்கள் என்று இனி ஒருவரையும் சொல்ல முடியாது என்பதுதான் அவளுக்கு அதிலிருந்து கிடைத்த செய்தி.

ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. உணவக முதலாளியின் மைத்துனர் ஒருவர் ஞாயிறு தோறும் சாப்பிட வருவார். ஜெயோமெத்ரா, அதாவது காணி அளந்து வீட்டுப் படம் வரைந்து கொடுக்கும் தொழில். செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, அவர் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, குகனேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. தாளை அவர் முன்னால் விரித்தாள். யார் வரைந்தது என்று அவர் கேட்டார். நான் என்றாள். அவர் நம்பாமல் சிரித்தார். மேசையில் விரித்திருந்த கடதாசி விரிப்பைக் காட்டி, பென்சிலை நீட்டி, இங்கே ஏதாவது வரை பார்க்கலாம் என்றார். அவள் நின்றபடியே ஸ்ஃபெர்ராகவால்லோத் துறைமுகத்தை வரைந்தாள். வளைவு, படகுகள் கட்டும் கல், உணவகங்களின் வரிசை, பின்னால் மலை. பத்து நிமிடம். குசினிக் கதவில் இராஜநாயகம் கையில் அகப்பையோடு நின்றார்.

அந்த மனிதர் விரிப்பைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதன்கிழமை கந்தோருக்கு வா என்றார். முதலில் கிழமையில் மூன்று பின்னேரம். அடுத்த வருடம் முழு நேரம்.

எர்சிலியாவின் செய்திகள் சீசாப் பக்கம் வேலை செய்யும் பெண்கள் மூலம் அவ்வப்போது காதில் விழும். ருஜேரோ இரண்டாவது படத்தை வேறொருவரிடம் கொடுத்தானாம், அது சரிவரவில்லையாம். ஃபெரெத்தி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டாராம். அதன் பிறகு ருஜேரோ பலெர்மோவுக்கு வருவதில்லையாம். குகனேஸ்வரி கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள்.

1998 மார்ச்சில் எர்சிலியாவே தொலைபேசி எடுத்தார். ஒரு தடவை வா, உனக்குக் காட்ட ஒன்று இருக்கிறது என்றார். இரண்டு கிழமை யோசித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போனாள். கதவைத் திறந்தவர் பாதியாக இளைத்திருந்தார். கோப்பி முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். மேசையில் பெட்டி இருந்தது. எர்சிலியா அதை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

பெட்டியின் மூடியில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. தட்டச்சில் அடித்து, ஓரம் சரியாக வெட்டி, ருஜேரோவின் பெயரை மறைக்கும்படி. நிலப்படமும் அயல் விதியும்: குகனேஸ்வரி இராஜநாயகம். எழுத்துப்பிழை இல்லை. எங்கேயோ கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும்.

குகனேஸ்வரி அதை விரலால் தடவிப் பார்த்தாள். கோப்பியைக் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை பெட்டி அச்சடித்தார்கள், சிக்னோரீனா?"

"ஆயிரத்து ஐந்நூறு."

"மற்ற ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும்?"

எர்சிலியா கைகளை மடியில் கோத்துக்கொண்டார். ஃபெரெத்திக்கு எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் ருஜேரோ என் ஒரே உறவு, அவனை எப்படி நான் பொய்யன் ஆக்குவது என்றார். சொல்லும்போதே தான் சொல்வது என்னவென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், பாதியில் நின்றுவிட்டார். பிறகு, ஒரு ஆட்டம் ஆடலாமா என்று மட்டும் கேட்டார்.

காய்கள் அடுக்கித்தான் இருந்தன. சிவப்பு அவள் பக்கம். குகனேஸ்வரிக்கு ஒரு கணம் கை போனது. ஆட விருப்பமில்லை என்று சொன்னால் அது பொய். மூன்று வருடத்து வியாழக்கிழமைகளைப் போல அவள் தலை விழித்திருந்த நேரம் வேறில்லை. ஆனால் எதிரே இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று ஊகிப்பதுதான் அந்த ஆட்டம். எர்சிலியாவைப் பொறுத்தவரை இனி அவள் ஊகிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள். குடித்த கோப்பையைக் கழுவாமல் மேசையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டுத் தொலைபேசி இரண்டு தடவை வியாழக்கிழமையில் அடித்தது. இரண்டு தடவையும் இராஜநாயகம்தான் எடுத்தார். தனக்குத் தெரிந்த இத்தாலியனில், அவ வீட்டில் இல்லை என்றார். பக்கத்து அறையில் அவள் யாரோ ஒருவருடைய காணிப் படத்துக்கு எல்லை போட்டுக்கொண்டிருந்தாள். கோடு முடியும்வரை பேனையைத் தூக்கவில்லை.